ஞானப்பல் அகற்றல்: பின்விளைவுகள்
மூன்றாம் கடைவாய்ப்பல்லை எடுத்தபின் கன்னம் வீங்குவது இயல்பு. 2–3 நாளில் உச்சம் தொட்டு ஒரு வாரத்தில் வடிந்துவிடும். குறைந்துவந்த வலி 3ஆம் நாள்வாக்கில் காதுவரை தெறித்து, வாயும் நாறினால் அது ‘உலர் குழி’யாக இருக்கலாம்: குழியை மூடிய இரத்தக்கட்டு பெயர்ந்து எலும்பு வெளித்தெரியும் நிலை. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சத்தான் கூடாது. மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பெண்ணெயில் உள்ள யூஜினால் கலந்த மருந்துத்திரி வைப்பார். கீழ்த்தாடை நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும்; பெரும்பாலும் சில மாதங்களில் உணர்வு திரும்பும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ளது.