தாக்கோல், திறப்பு, சாவி

பூட்டு தமிழ்ச்சொல், சாவி போர்த்துக்கீசியச் சொல். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு வேலையே இல்லாத இரு பொருள்களுக்கு நாம் இரண்டு கண்டங்களிலிருந்து பெயர் எடுத்திருக்கிறோம். 'பூட்டு சாவி' என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதால் நடுவில் இருக்கும் தையல் நமக்குத் தெரிவதில்லை.

இந்தப் பெயர்களின் வரலாறு புலவர்களுக்கு மட்டுமான செய்தி என்று தோன்றலாம். ஆனால் உயர்விலை மோட்டார் சைக்கிளின் சிப் சாவியைத் தொலைத்துவிட்டு, மாற்றுச் சாவிக்கு ஆகும் தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்பவருக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. ஒரு பொருளுக்கு எந்தப் பெயரைச் சொல்கிறோமோ அதற்கேற்பத்தான் அதன் மதிப்பையும் போடுகிறோம். 'சாவி தொலைந்துவிட்டது' என்று சொல்பவர் மனத்தில் இருப்பது விரல் நீளமுள்ள ஓர் உலோகத் துண்டு. அவர் தொலைத்தது அதைவிடப் பெரிது.

முதலில் கோலிலிருந்து தொடங்குவோம். கதவை அடைக்கும் கருவிக்குத் தமிழில் பழைய பெயர் தாழ். திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளில் வருவது அதுதான். கதவின் உட்புறம் செருகப்படும் கட்டையோ இரும்போ தாழ் எனப்பட்டது. நம் வீட்டுத் தாழ்ப்பாளில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாழோடு சேர்ந்தது கோல். இரண்டும் இணைந்து தாழ்க்கோல் ஆயிற்று. மலையாளத்தில் அது தாக்கோல் என்று மருவி, வீட்டுச் சாவிக்கும் பைக் சாவிக்கும் இன்றுவரை அன்றாடப் பெயராக இருக்கிறது. பூட்டுக்கும் அங்கே தாழ் என்ற பெயர் உண்டு. தமிழ் தன் பங்குக்குத் திறவுகோல் என்ற சொல்லை ஆக்கிக்கொண்டது. கன்னடத்தில் சாவிக்குக் கீலிக்கை என்று பெயர். அதில் கை இருக்கிறது. தெலுங்கில் தாளம்செவி, அதில் செவி ஒட்டி நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து மொழிகள் ஒரே பொருளைக் கோலாகவும் கையாகவும் செவியாகவும் கண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் திறவுகோல் இன்று வீட்டைவிட்டு மேடைக்குப் போய்விட்டது. 'வெற்றியின் திறவுகோல்' என்று பேச்சாளர் சொல்வார். விவிலியத் தமிழிலும் அந்தச் சொல் நிலைத்திருக்கிறது. வாசலில் நின்று சட்டைப்பையைத் துழாவும்போது யாரும் திறவுகோலைத் தேடுவதில்லை. தேடுவது சாவியை.

சாவிக்கு மூலம் 'கிளாவிஸ்' என்ற இலத்தீன் சொல். அது இத்தாலியத்தில் 'கியாவே', ஸ்பானியத்தில் 'யாவே', பிரெஞ்சில் 'கிளே' என்று பிரிந்தது. போர்த்துக்கீசிய மொழிக்கு ஓர் ஒலிப்பழக்கம் உண்டு: இலத்தீனில் ககரமும் லகரமும் கூடிச் சொல்லின் முதலில் வந்தால், அவ்விரண்டையும் கரைத்து ஒரு வல்லினச் சகரமாக்கிவிடும். அப்படித்தான் கிளாவிஸ் அங்கே 'ச்சாவெ' ஆயிற்று. பிற்காலத்தில் லிஸ்பன் பேச்சில் அந்தச் சகரம் மெலிந்து 'ஷாவ்' என்றாகிவிட்டது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கே வந்தவர்கள் பழைய ஒலியோடு வந்தார்கள். இந்தியின் 'ச்சாபி', மராத்தியின் 'ச்சாவீ', வங்காளியின் 'ச்சாபி' ஆகியவற்றில் அந்தப் பழைய வல்லொலி இன்னும் கேட்கிறது. போர்த்துக்கல் தன் நாவில் மாற்றிவிட்ட ஓர் ஒலியை இந்தியா தன் சாவிக்கொத்தில் வைத்துப் பாதுகாத்திருக்கிறது.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498-இல். 1510-இல் கோவா போர்த்துக்கீசியர் கைக்கு வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் முத்துக்குளித்துறை, நாகப்பட்டினம், சாந்தோம் என்று தமிழ்க் கரையெங்கும் அவர்கள் கால் பதித்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கட்டடமே எழுந்து நிற்கும். சன்னல், மேசை, அலமாரி, சாவி, பீப்பாய், ஏலம். சரக்கை இறக்கி, அடுக்கி, அடைத்து, விற்கும் துறைமுகக் கிடங்கின் சொற்கள் இவை. தாழும் பூட்டும் நம்மிடம் முன்பே இருந்தன. அவற்றின் பெயர்களை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. அலமாரி என்ற புதுப்பொருள் வந்தபோது, அதைத் திருகித் திறக்கும் சிறு உலோகக் கருவியின் பெயரும் கூடவே வந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. பெரிய கோலை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்பில் செருகக்கூடிய சாவிக்கு நாம் மாறினோம்.

இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. போர்த்துக்கீசியர் 1619 முதல் 1658 வரை நேரடியாக ஆண்ட யாழ்ப்பாணத்தில் சாவி என்ற சொல் வேரூன்றவில்லை. அங்கே அதற்குத் திறப்பு என்று பெயர். 'திறப்பைக் காணேல்லை' என்று ஒருவர் சொன்னால், தமிழ்நாட்டுக்காரர் எந்தத் திறப்பு விழாவைச் சொல்கிறார் என்று விழிப்பார். ரொட்டிக்குப் பாண், காலணிக்குச் சப்பாத்து, கடப்பாரைக்கு அலவாங்கு என்று போர்த்துக்கீசியச் சொற்களை அள்ளி எடுத்துக்கொண்ட ஈழத்தமிழ், இந்த ஒன்றுக்கு மட்டும் தன் வினைச்சொல்லிலிருந்தே பெயர் செய்துகொண்டது. கோல் என்ற உருவத்தையும் விட்டுவிட்டுச் செயலை மட்டும் வைத்துக்கொண்ட பெயர் அது. உருவம் எப்படி மாறினாலும் இந்தப் பெயர் பொருந்தும். நாளைக்கு விரல்ரேகையால் வண்டியைத் திறந்தாலும் அது திறப்புதான்.

தமிழ்நாட்டில் சாவி என்ற ஒலிக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. மணி பிடிக்காமல் பதராகிவிட்ட பயிருக்குச் சாவி என்று பெயர். 'மழை பொய்த்து நெல்லெல்லாம் சாவியாப் போச்சு' என்பார்கள் உழவர்கள். அது 'சா' என்ற தமிழ் வேரிலிருந்து பிறந்தது. பூட்டோடு அதற்கு உறவில்லை. எழுத்தாளர் சாவியின் பெயரோ சா. விசுவநாதன் என்ற பெயரின் முதலெழுத்துகள். ஒரே ஒலிக்குள் மூன்று தனித்தனிப் பிறப்புகள் ஒதுங்கியிருக்கின்றன.

வந்தேறிய சாவி விரைவில் தமிழ்ப்பிள்ளையாகிவிட்டது. கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் சாவி கொடுத்தோம். வீட்டின் அதிகாரத்தைச் சாவிக்கொத்தால் குறித்தோம். கூடவே இரண்டு முக்கியமான கூட்டுச்சொற்களை உண்டாக்கினோம்: மாற்றுச்சாவி, கள்ளச்சாவி. இரண்டும் செய்யப்படும் முறை ஒன்றேதான். உரிமை உள்ளவர் செய்தால் மாற்றுச்சாவி, இல்லாதவர் செய்தால் கள்ளச்சாவி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையே, ஒரு பூட்டின் சாவி மற்றொன்றில் சேராதபடி கையால் செய்யப்படுவதுதான். ஆனால் எந்த உலோகச் சாவியும் வடிவத்தால் திறக்கிறது. வடிவத்தைப் படி எடுக்கலாம். நடைபாதையில் அரத்தோடு அமர்ந்திருக்கும் கைவினைஞர், வெற்றுச் சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருகி, அதில் பதியும் தடத்தைப் பார்த்துப் பார்த்து ராவி, அசல் இல்லாமலே சாவி செய்துவிடுவார். சாவி தொலைவது நெடுங்காலம் ஒரு சிறு செலவாக இருந்ததற்கு அவருடைய திறமையே காரணம்.

அந்த நிலையை மாற்றியது வாகனத் திருட்டு. 1990-களில் ஐரோப்பாவில் கார்கள் பெருமளவில் களவுபோகவே, வடிவத்தோடு ஒரு மறை எண்ணும் பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும் என்ற ஏற்பாடு வந்தது. 1998-இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மோட்டார் சைக்கிள்களும் அதே வழியில் வந்தன. ஹோண்டா இதற்கு 'ஹிஸ்' என்று சுருக்கப்பெயர் வைத்தது. டுகாட்டி, யமஹா, பியாஜியோ ஆகியவையும் தத்தம் வண்டிகளில் இந்த முறையைக் கொண்டுவந்தன.

சாவியின் தலைப்பகுதிப் பிளாஸ்டிக்குக்குள் மிகச் சிறிய சிப் ஒன்று இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றி ஒரு செப்புக்கம்பிச் சுருள் ஒளிந்திருக்கிறது. சாவியைத் திருகியதும் அந்தச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து, பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு காந்தப்புலத்தை எழுப்பும். அந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொண்டு தன் எண்ணைத் தெரிவிக்கும். வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த எண்ணைத் தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் எஞ்சின் உயிர்பெறாது. அரம் பிடித்தவர் எவ்வளவு துல்லியமாக ராவினாலும் சாவி திரும்பும், விளக்கு எரியும், வண்டி கிளம்பாது.

வேதாரண்யம் கோயிலின் கதவைப் பற்றி ஒரு மரபுச் செய்தி உண்டு. வேதங்கள் வழிபட்டு அடைத்த கதவு அது. அப்பர் பாடியபோது திறந்தது. சம்பந்தர் பாடியபோது அடைத்துக்கொண்டது. கைவலிமைக்கு அசையாத கதவு உரிய குரலுக்கு அசைந்தது என்பது அந்தக் கதையின் கரு. சிப் சாவியின் கருவும் அதுவே: திறப்பது உரிய மறுமொழி. சிப்களும் வெல்லவே முடியாதவை அல்ல. கார்ச் சாவிகளில் பரவலாக இருந்த 40 பிட் சிப் ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் 2005-இல் உடைத்துக் காட்டினார்கள். 40 பிட் என்றால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி எண்களில் ஒன்று. அதன்பின் வந்த சிப்கள் இன்னும் கடினமானவை.

இங்கேதான் பூட்டு என்ற சொல்லின் பழம்பொருள் நமக்குத் துணைவருகிறது. பூட்டுதல் என்றால் முதலில் இணைத்தல். ஏர் பூட்டினார்கள், வில்லில் நாண் பூட்டினார்கள். 'வண்டியைப் பூட்டு' என்று அன்று சொன்னால், காளைகளை நுகத்தில் மாட்டிப் பயணத்துக்கு ஆயத்தம் செய் என்று பொருள். இன்று அதே சொற்கள் வண்டியை நகரவிடாமல் செய்யச் சொல்கின்றன. சிப் சாவியில் இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. சாவியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. அந்த இணை கூடினால்தான் வண்டி ஓடும். சாவி தொலையும்போது உலோகத்தோடு சேர்ந்து அந்த இணைப்பில் ஒரு பாதியும் போய்விடுகிறது. நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் மறுபடி இணைப்பதற்கான கூலி.

செலவு எவ்வளவு என்பது கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பதிவான சாவி ஒன்றாவது இருந்தால் வேலை எளிது. சிப் வைத்த வெற்றுச் சாவியை வாங்கி, வெட்டி, உரிய கருவியால் அதன் எண்ணைப் பதிவுசெய்தால் போதும். மெக்கானிக்குகள் இதைக் 'கோடிங்' என்பார்கள். எல்லாச் சாவிகளும் தொலைந்தால் கதை வேறு. வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பல மாடல்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். புதுச் சாவிக்கு ஏற்ப எஞ்சின் பூட்டு, பெட்ரோல் டேங்க் மூடி, இருக்கைப் பூட்டு என்று 'லாக் செட்' முழுவதையும் மாற்ற நேரும்.

யமஹாவின் பல மாடல்களில் சிவப்புத் தலையுள்ள சாவி ஒன்றும் கறுப்புச் சாவிகள் இரண்டும் தருவார்கள். கறுப்புச் சாவிகள் ஓட்டுவதற்கு. சிவப்புச் சாவி, புதுச் சாவிகளுக்கு எண்ணைப் பதிவதற்கு. சிவப்பு போய்விட்டால் மறுபதிவே முடியாது என்று கையேடு எச்சரிக்கிறது. பியாஜியோவின் வெஸ்பா மாடல்கள் சிலவற்றில் பழுப்புச் சாவிக்கு அந்தப் பொறுப்பு. டுகாட்டி 'கோட் கார்டு' என்று ஓர் அட்டை தந்தது. சாவியின் சிப் பழுதானால் அட்டையில் உள்ள எண்ணை ஆக்சிலேட்டரைத் திருகித் திருகியே வண்டிக்குத் தெரிவித்து எஞ்சினை எழுப்பலாம். இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட்டுடன் சாவி செருகாமலே ஓடும் வண்டி நடுத்தரக் குடும்பத்து வாசலுக்கும் வந்துவிட்டது. ஆகவே இது இனிப் பணக்காரர்களின் கவலை மட்டும் அன்று.

ஆங்கிலக் கையேட்டில் இருக்கும் அந்த எச்சரிக்கையை வாங்குபவர் படிப்பதில்லை. மூன்று சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்துக்கொள்பவர்கள் உண்டு. நிறம் அழகாக இருக்கிறது என்று சிவப்புச் சாவியையே நாள்தோறும் பயன்படுத்துபவர்களும் உண்டு. குற்றம் அவர்களுடையது அன்று. மூன்றையும் 'சாவி' என்று ஒரே பெயரால் கொடுத்ததால் மூன்றும் ஒன்றுதான் என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். வண்டிக்கு முழு விலை கொடுத்தவருக்கு அதன் மறை எண்ணையும், எந்தச் சாவி எதற்கு என்பதையும் அவர் மொழியிலேயே சொல்லிக் கொடுப்பது விற்பவரின் கடமை.

அதற்கு உதவும் சொல் நம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. நிலத்தின் உரிமை வழிவழியாக எதிலிருந்து வந்ததோ அந்த மூல ஆவணத்தைத் தாய்ப்பத்திரம் என்கிறோம். படிப்பறிவு இல்லாதவருக்கும் அதன் மதிப்பு தெரியும். நகலை வெளியே கொண்டுபோவார். தாய்ப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். மற்றச் சாவிகளைப் பெற்றெடுக்கும் அந்தச் சிவப்புச் சாவியைத் தாய்ச்சாவி என்று அழைப்போம். வண்டியை ஒப்படைக்கும் நாளில் கடைக்காரர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் போதும். தாய்ச்சாவி என்று தெரிந்த பிறகு அதை யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போக மாட்டார்கள்.