எல்லைக்கல் தாண்டிய சாக்கடை

"நீங்க சரித்திரம் படிச்சவர்தானே சார், நம்ம ஊர் சரித்திரம் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராஜாவையும் கோட்டையையும் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது சாக்கடையின் சரித்திரம். முகம் சுளிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

சென்னையையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஒரே பகுதியாக எண்ணித் திட்டமிட 1972-ல் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்பட்டு, 1974-ல் சட்ட அந்தஸ்து பெற்றது. முதல் முழுமைத் திட்டம் 1976-ல் வந்தது. பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2011-க்கு முன்பு அதற்குள் சென்னை மாநகராட்சி போக 16 நகராட்சிகள், 20 பேரூராட்சிகள், 214 ஊராட்சிகள் இருந்தன. வரைபடம் ஒன்று, கஜானாக்கள் இருநூற்றைம்பது! எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை என்று குழுமம் கோடு போடலாம். குப்பை அள்ளுவதும் தெருவிளக்குப் போடுவதும் அந்தந்த ஊர்ப்பாடு.

இதன் பலனை ஆலந்தூர்க்காரனான நான் மூக்கால் அறிந்தவன். சென்னையை ஒட்டியே இருந்தும் எங்களுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை மழைநீர் தேங்கியதற்குப் புகார் கொடுக்கப் போனேன். "அது எங்க லிமிட் இல்லீங்க" என்றார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில்தான்.

1996-ல் ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவரானபின் பாதாளச் சாக்கடைத் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கடனும் மானியமும் போக, மக்களும் பங்கு தர வேண்டும். வீட்டு இணைப்புக்கு வைப்புத்தொகை 5,000 ரூபாய் என்றார்கள். "பள்ளமே வெட்டல, அதுக்குள்ள பணமா?" என்று என் தாயார் சண்டைக்கு வந்தார். தெருவெல்லாம் அதே பேச்சு. கூட்டம் போட்டு விளக்கினார்கள். ஒருவர் கட்ட, அவரைப் பார்த்து அடுத்தவர் கட்ட, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின. 2000-ல் வேலை தொடங்கியது.

இனிதான் விஷயம். அத்தனை கழிவுநீரையும் சுத்திகரிக்கும் நிலையம் ஆலந்தூரில் இல்லை, பெருங்குடியில் அமைந்தது. முதல் கட்டமாக நாளொன்றுக்கு 120 லட்சம் லிட்டர். அன்று பெருங்குடி தனிப் பேரூராட்சி. சென்னை மாநகராட்சியின் குப்பையும் ஏற்கெனவே அங்கேதான், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மலையாகக் குவிந்து கொண்டிருந்தது. எங்கள் தெருவில் கூட்டம் போட்டு எங்களைக் கேட்டார்கள். குப்பையைக் கொட்டுமுன் பெருங்குடித் தெருக்களில் யாராவது கூட்டம் போட்டிருப்பார்களா? அன்று எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை. சரித்திரம் படித்தவனுக்கே எழவில்லை!

1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பெருநகர்ப் பகுதிக்கு ஒரு திட்டக்குழு வேண்டும். அதன் உறுப்பினரில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதோர் உள்ளாட்சிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அதாவது, சுமை சுமப்பவனுக்கும் சபையில் ஓர் இடம்.

2011-ல் ஆலந்தூர், பெருங்குடி உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டர் 426 ஆயிற்று. எல்லைச் சண்டை தீர்ந்ததா? எல்லைக்கல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். 2022-ல் பெருநகர்ப் பகுதியே 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இன்னும் பல கிராமங்கள் வரைபடத்துக்குள் வந்துவிட்டன.

மாணவச் செல்வங்களே! உங்களில் சிலர் நாளை பொறியாளராகவோ அதிகாரியாகவோ அந்த வரைபடத்தின் முன் உட்காருவீர்கள். கோடு போடுமுன் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீருக்கு எல்லை தெரியாது. நமக்காவது அக்கம்பக்கம் தெரிய வேண்டும்.