வான்கோழிகள் உடைத்த ரகசியம்

வறுத்த கடலை கொறிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பொட்டலம் தீரும் சமயம் பார்த்து ஒரு சொத்தைக் கடலை வாயில் அகப்படும். அதுவரை தின்ற ருசியெல்லாம் கசந்து போகும். காறித் துப்பிவிட்டு எழுந்து போகிறோம். பூசணம் பிடித்த கடலைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறதென்பது வெகு நாள் வரை எனக்குத் தெரியாது.

1960-ம் ஆண்டு, இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று மடியத் தொடங்கின. சில மாதங்களுக்குள் 1 லட்சத்துக்கு மேல் போய்விட்டன. தொற்றுநோய் என்று எண்ணிக் கிருமியைத் தேடினார்கள்; அகப்படவில்லை. காரணம் புரியாத வியாதிக்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்துவிட்டுத் தீனி மூட்டைகளைத் துருவினார்கள். துப்பு அங்கேதான் கிடைத்தது. தீனியில் கலந்திருந்தது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு.

பண்ணைக்காரரின் நஷ்டக் கணக்கு விஞ்ஞானிகளின் கணக்காக மாறியது. 'அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்ற பூசணம் கடலையில் கக்கிய நஞ்சே காரணம் என்று கண்டார்கள். பூசணத்தின் பெயரையே சுருக்கி அந்த நஞ்சை 'அஃப்ளடாக்ஸின்' என்றார்கள். புற ஊதா ஒளியில் வைத்தால் அது நீலமாகவும் பச்சையாகவும் ஜொலிக்குமாம்! 1961-ல், அத்தகைய புண்ணாக்கைத் தின்ற எலிகளின் ஈரலில் புற்றுநோய்க் கட்டிகள் தோன்றியதாகச் செய்தி வந்தது. விஷயம் வான்கோழியோடு நிற்கவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். குஞ்சுகள் கூட்டமாகச் செத்ததால்தான் ரகசியம் வெளிப்பட்டது. மனிதனோ அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகத் தின்கிறான். பல வருஷங்கள் கழித்து ஈரலில் நோய் வரும்போது, என்றோ தின்ற தானியத்தை யார் சந்தேகிப்பார்கள்?

சில சமயம் மனிதர்களும் கூட்டமாக மடிந்ததுண்டு. 1974-ல், ராஜஸ்தானத்துப் பான்ஸ்வாடாவிலும் குஜராத்துப் பஞ்சமகாலிலும் அகாலத்தில் மழை பெய்து மக்காச்சோளம் நனைந்து பூசணம் பூத்தது. அதைத் தின்ற ஏழைப் பழங்குடி மக்களுக்குக் காமாலை கண்டது, வயிறு வீங்கியது. சுமார் 400 பேர் படுத்தார்கள்; 106 பேர் எழுந்திருக்கவில்லை. அவர்களோடு அந்த உணவைப் பகிர்ந்துகொண்ட வீட்டு நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய உணவூட்டக் கழகத்தினர் போய்ப் பரிசோதித்தபோது, சோளத்தில் அதே அஃப்ளடாக்ஸின் இருந்தது.

1987-ல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது நிச்சயம் என்ற வரிசையில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்த நஞ்சைச் சேர்த்தது. ஹெபடைடிஸ் 'பி' கிருமியும் உடம்பில் இருந்துவிட்டால் அபாயம் பன்மடங்காகிவிடுகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு முழுவதும் அழிவதில்லை. பரிகாரமெல்லாம் பாட்டிமார் அறிந்தவைதான்: நன்றாகக் காயவை, ஈரம் படாமல் வை, கெட்டதைப் பொறுக்கி எறி.

ஆனால், எறிந்த பின் சட்டியில் போட ஏதாவது மிஞ்ச வேண்டுமே! அந்த மலைக் கிராமத்துத் தாய்மாரின் கண்ணுக்குப் பூசணம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் தேய்த்துக் கழுவி அரைத்திருப்பார்கள். பசித்த பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன செய்ய முடியும்?

சொத்தைக் கடலையைத் துப்பும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த வீடுகளின் ஞாபகம்தான் வருகிறது. துப்புவதற்குக்கூடக் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.