தாயம் கடந்து வந்த பாதை

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அரிசியும் பருப்பும் சீனியும் மூட்டை மூட்டையாக லொறியிலிருந்து இறங்கும். வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் அங்கே சரக்கு எடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடையில் ஒரு தடவை இட்லிக்கு அரைக்க 4 கிலோ அரிசியும் 1 கிலோ உழுந்தும் போகும். தோசைக்கு என்றால் 3 கிலோ அரிசி, 1 கிலோ உழுந்து. இட்லிக்கு ஒரு நிரல், தோசைக்கு ஒரு நிரல் என்று எழுதுவோம். முதல் நிரலில் 4, அதன் கீழே 1. இரண்டாம் நிரலில் 3, அதன் கீழே 1. இந்த நாலு எண்களும் சேர்ந்து ஒரு தாயம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதையே அணி என்று படிக்கிறார்கள்.

இந்தத் தாயம் ஒரு வேலை செய்கிறது. 5 தடவை இட்லி, 2 தடவை தோசை என்று சொன்னால், 26 கிலோ அரிசி, 7 கிலோ உழுந்து என்று பதில் தருகிறது. சமையலை இரட்டித்தால் சரக்கும் இரட்டிக்கும். இன்றைய சமையலையும் நாளைய சமையலையும் கூட்டினால் இரண்டு நாள் சரக்கும் அப்படியே கூடும். இந்த இரண்டு குணமும் உள்ள மாற்றத்தைத்தான் கணிதத்தில் ஏகபரிமாண உருமாற்றம் என்கிறோம். இந்தக் குணம் இருப்பதால்தான் ஒரு தடவை இட்லிக்கு என்ன, ஒரு தடவை தோசைக்கு என்ன என்ற இரண்டே விடைகள் போதும். மீதி எல்லாக் கணக்கும் அவற்றிலிருந்தே வந்துவிடும். அலகு ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேருகிறது என்பதன் பதிவுதான் தாயம்.

இதன் மிகப் பழைய சுவடு சீனத்தில் இருக்கிறது, அதுவும் தானியக் கணக்கில். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலின் எட்டாம் அத்தியாயம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. முதல்தரக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, கடைத்தரம் 1 சேர்ந்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 என்றால் 34. 1, 2, 3 என்றால் 26. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு? கணக்கர்கள் பலகையில் குச்சிகளை நிரல் நிரலாக அடுக்கி, ஒரு நிரலைப் பெருக்கி இன்னொன்றிலிருந்து கழித்துக் கழித்து விடை கண்டார்கள். முதல்தரக் கட்டு ஒன்றில் ஒன்பதேகால் அளவு, நடுத்தரத்தில் நாலேகால், கடைத்தரத்தில் இரண்டே முக்கால். கி.பி. 263 இல் இந்நூலுக்கு உரை எழுதிய லியூ ஹுய், நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, மறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று எழுதிவைத்தார்.

இது நம் கடைக்காரரின் கணக்கைத் திருப்பிப் போட்ட கேள்வி. 26 கிலோ அரிசியும் 7 கிலோ உழுந்தும் முடிந்திருக்கின்றன, எத்தனை தடவை இட்லி, எத்தனை தடவை தோசை? அரிசியிலிருந்து உழுந்தின் மூன்று மடங்கைக் கழித்தால் 26 − 21 = 5. உழுந்தின் நாலு மடங்கிலிருந்து அரிசியைக் கழித்தால் 28 − 26 = 2. இந்தத் திருப்பும் வேலைக்கும் ஒரு தாயம் உண்டு. அது முதலாவதன் நேர்மாறு. ஆனால் சீனப் பலகையில் குச்சிகள் விடை கிடைக்கும் வரைதான் கிடந்தன. அந்த அடுக்கை ஒரு தனிப் பொருளாக யாரும் கையில் எடுக்கவில்லை.

ஐரோப்பாவில் 1801 இல் கணிதர் காஸ் தம் எண்ணியல் நூலில், ஒரு பிரதியீட்டுக்குப் பின் இன்னொன்றைச் செய்தால் குணகங்கள் எப்படிக் கலக்கின்றன என்று விரிவாக எழுதினார். 1850 இல் கணிதர் சில்வெஸ்டர் எண்களின் அந்தச் செவ்வக அடுக்குக்குப் பெயர் வைத்தார். 1858 இல் அவருடைய நண்பர் ஆர்தர் கெய்லி, லண்டனில் சொத்துப் பத்திரங்கள் எழுதும் வழக்கறிஞராக வாழ்க்கை நடத்திய காலத்தில், தாயங்களைக் கூட்டவும் பெருக்கவும் கூடிய பொருள்களாக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்.

நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டும் விதி மாணவர்களுக்கு எங்கிருந்தோ விழுந்த கட்டளை போலத் தெரியும். கெய்லிக்கு அது அடுத்தடுத்துச் செய்யும் இரண்டு உருமாற்றங்களிலிருந்து தானாக வந்தது. அரிசி கிலோ 200 ரூபாய், உழுந்து 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு தடவை இட்லிக்கு 4 × 200, அதோடு 1 × 1,000, ஆக 1,800 ரூபாய். தோசைக்கு 3 × 200, அதோடு 1 × 1,000, ஆக 1,600 ரூபாய். விலை நிரையைச் சரக்குத் தாயத்தால் பெருக்கியதும் இதேதான். சமையலைச் சரக்காக்கி, சரக்கைப் பணமாக்கும் இரண்டு படிகள் ஒரே படியாகிவிட்டன. 5 தடவை இட்லிக்கும் 2 தடவை தோசைக்கும் எந்த வழியில் போனாலும் 12,200 ரூபாய்தான் வரும்.

அரிசியைக் கிலோவில் எழுதாமல் 50 கிலோ மூட்டையில் எழுதினால் மேல் நிரையில் இருந்த 4 உம் 3 உம் 0.08, 0.06 ஆகிவிடும். சமையல் மாறவில்லை, அளக்கும் அலகுதான் மாறியது. உருமாற்றம் ஒன்று, அதை எழுதும் தாயங்கள் பல. 1888 இல் இத்தாலியக் கணிதர் பியானோ ஏகபரிமாண உருமாற்றத்தை எண் அடுக்குகளைச் சாராமல் வரையறுத்தபோது இந்த வேறுபாடு தெளிவாகத் துலங்கியது.

பெருக்கும் வரிசையை மாற்றினால் விடையும் மாறலாம் என்பது தாயத்தின் இன்னொரு குணம். வலப்பக்கம் உள்ள ஒரு புள்ளியை இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றினால் மேலே போகும். பிறகு இடம் வலம் மாற்றினாலும் மேலேயே நிற்கும். முதலில் இடம் வலம் மாற்றிவிட்டுப் பிறகு சுழற்றினால் கீழே போய்விடும். 1925 இல் பௌதிகவியலாளர் ஹைசன்பர்க் அணுவைப் பற்றி எழுதிய கணக்கில் இப்படி வரிசை மாறினால் மாறும் பெருக்கம் ஒன்று வந்து நின்றது. அது தாயப் பெருக்கம் என்று கண்டுகொண்டவர் மாணவப் பருவத்திலேயே தாயங்களைப் படித்திருந்த மாக்ஸ் போர்ன். 1928 இல் இன்னொரு பௌதிகவியலாளரான டிராக், நாலு நிரையும் நாலு நிரலும் கொண்ட தாயங்களால் இலத்திரனின் சமன்பாட்டை எழுதினார். அதிலிருந்து கிளைத்த முன்னறிவிப்பின்படி 1932 இல் பொசித்திரன் என்ற துணிக்கை கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த டிராக்கிடம் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர் 1918 இல் பிறந்த ஈழத்தமிழர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். அவர் நாடு திரும்பி, 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். பிறகு மலாயாவிலும் மெல்பேர்ன் லட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். புதிய பௌதிகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரிடமே படித்த ஒரு தமிழர் கொழும்பு மாணவர்கள் முன் நின்று கணிதம் சொல்லிக்கொடுத்தார் என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய வரலாறு.

இன்று முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு கைத்தொலைபேசிக்குள்ளும் தாயம் வேலை செய்கிறது. படத்தைச் சுழற்றுவதும் பெரிதாக்குவதும் விளையாட்டில் காரைத் திருப்புவதும் தாயப் பெருக்கல்கள். பேச்சைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவின் உழைப்பில் பெரும்பகுதியும் அதுவே. வரைபுச் செயலிகளுக்கு (GPU) உலகமெங்கும் இவ்வளவு கிராக்கி இருப்பது, அந்தப் பெருக்கலை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் செய்ய அவற்றால் முடிவதால்தான்.

பதினோராம் வகுப்பில் தாயத்தைத் தொடும் பிள்ளைகளுக்கு இந்தப் பிறப்புக் கதையும் சேர்ந்து போக வேண்டும். கொட்டாஞ்சேனை ரியூஷன் வகுப்பிலும் பள்ளிக்கூடத்திலும் பெருக்கும் விதிக்கு முன்னால் மூன்று கேள்விகள் வரட்டும். இந்தத் தாயத்துக்குள் போவது என்ன? வெளியே வருவது என்ன? முதல் அலகு எங்கே போய்ச் சேருகிறது? மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பெருக்கும் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. மறந்துபோனாலும் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும்.