முத்துக்கரையும் கிற்றார்ப் பலகையும்
கிற்றாரின் விரல்பலகையில் பதிக்கும் வெண்புள்ளிகளுக்கு முத்துச்சிப்பி ஓடே பழைய மூலப்பொருள். உலகுக்கு முத்துத் தந்த மன்னார் அந்த ஓட்டை மட்டும் தரவில்லை. காரணம் கைவினைஞர் இல்லாமையல்ல, ஓட்டின் மெல்லிசுதான் என்பேன். மன்னாரின் சிலாவத்துறையில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், சிப்பியைக் கொட்டு எனும் அடைப்புகளில் அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்தார்கள். ஓடு கரையில் குவிந்தது. பதிக்கும் தகடோ ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருக்க வேண்டும். பதித்தபின் வளைந்த பலகையோடு சேர்த்துத் தேய்ப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மன்னார்ச் சிப்பி அதற்குத் தாங்காது. சாப்பாட்டுத் தட்டளவு வளரும் அவுஸ்திரேலியச் சிப்பிக்கு அந்தக் கவலையில்லை.

ஆங்கிலேயர் ஓட்டைக் கவனிக்கத் தவறினார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். 1902இல் விலங்கியலாளர் ஹெர்ட்மன் வந்து முத்துப்பார்களை ஆராய்ந்தார். 1906இல் லண்டன் கம்பனியொன்று குத்தகைக்கே எடுத்தது. காசு வரும் வழியை விட்டுவைக்கிறவர்களா அவர்கள்? அதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் புரூமில் ஓடுதான் சரக்கு, முத்து மேல்வரும்படி.

1950களின் கிப்சன் லெஸ் போல் கிற்றார்கள் பலவற்றில் செலுலாயிட் சிப்பியின் இடத்தைப் பிடித்தது. இன்று பலகைக்குள் எல்.ஈ.டி. வைத்துப் புள்ளிகளை ஒளிரவிடுகிறவர்களுக்கு ஒளி ஊடுருவும் பொருளே தேவை. அதற்கு மெல்லிய ஓடு குறையாகாது. ஆனால் சலாபம் ஓய்ந்துவிட்டது, அக்ரிலிக்கோ மலிவு.