ராமரை கழட்டி வைக்க முடியாத மனுஷர்

ஒரு நடிகருக்கு ஒரே ஒரு வேஷம் சூப்பரா அமைஞ்சுட்டா போதும், லைஃப் செட்டில்னு நாம நினைக்கிறோம். அருண் கோவில் கதையைப் பார்த்தா அப்படிச் சொல்லத் தோணலை. (கோவில்ங்கிறது அவரோட குடும்பப் பேரு. நம்ம ஊர் கோயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, பொருத்தம் மட்டும் அபாரம்!)

மீரட்காரர். 1977-ல 'பஹேலி' படத்துல அறிமுகம். 1979-ல 'சாவன் கோ ஆனே தோ' நல்லா ஓடி, அவரை ஹீரோ ஆக்குச்சு. 1985-ல ராமானந்த் சாகர் தயாரிச்ச 'விக்ரம் அவுர் பேதாள்' சீரியல்ல விக்ரமாதித்த ராஜா. அதுக்கப்புறம்தான் அந்த வேஷம்.

1987 ஜனவரி 25-ல இருந்து 1988 ஜூலை 31 வரைக்கும், ஞாயித்துக்கிழமை காலைல தூர்தர்ஷன்ல 'ராமாயண்'. மொத்தம் 78 பகுதி. டிவிக்கு மாலை போட்டு, சூடம் காட்டிப் பார்த்த காலம் அது. இந்தி புரியாத நம்ம ஊர் வீடுகள்லயும் பார்த்தாங்க. கதைதான் எல்லாருக்கும் தெரியுமே!

அவரே பேட்டியில சொன்ன ஒரு சம்பவம். ஒரு தமிழ்ப் படத்துல திருப்பதி பாலாஜியா நடிச்சிட்டிருந்தாராம். பிரேக்ல ஓரமா நின்னு சிகரெட் பிடிச்சிருக்கார். ஒருத்தர் வந்து தமிழ்ல சத்தம் போட்டிருக்கார். என்னன்னு பக்கத்துல கேட்டா, "உங்களை ராமரா நினைச்சிட்டிருக்கோம், நீங்க இப்படிப் பண்றீங்களே"ன்னு திட்டினாராம். அன்னிக்கு விட்டதுதான் சிகரெட். உடம்புக்கு நல்லது, சரி. ஆனா நடிப்புக்கு? சிகரெட்டே பிடிக்கக் கூடாதுன்னா வில்லனா எப்படி நடிக்கிறது, காதலிச்சு டூயட் எப்படிப் பாடுறது? பாலிவுட் கதவு மெல்ல மூடிடுச்சு. வந்ததெல்லாம் பெரும்பாலும் புராண வேஷம்தான். ராமாயணத்தை ஜப்பான்காரங்க கார்ட்டூன் படமா எடுத்தப்போ, இந்தியில ராமருக்குக் குரல் கொடுத்ததும் இவர்தான்.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. என்.டி.ஆரும் ராமரா நடிச்சவர்தானே? 1958-ல தமிழ் 'சம்பூர்ண ராமாயணம்' படத்துல சிவாஜி பரதன், அவர் ராமர். அவருக்கு மட்டும் ஏன் மாட்டிக்கலை? எனக்குத் தோணுறது இதுதான். சினிமாவுல இந்தப் படத்துல ராமர், அடுத்த படத்துல சண்டை போடுற ஹீரோ, அதுக்கடுத்து வேற ஒண்ணு. ஜனங்க காசு கொடுத்து எல்லாத்தையும் பார்த்தாங்க. இவரோ ஒன்றரை வருஷம், வாராவாரம், அதே முகத்தோட நம்ம வீட்டுக்குள்ளயே வந்தார். அப்போ இருந்ததோ தூர்தர்ஷன் ஒண்ணுதான். மாத்திப் பார்க்க வேற சானல் கிடையாது. நாடே ஒரே முகத்தை மனப்பாடம் பண்ணிடுச்சு.

சரி, அந்த முகம் அரசியலுக்காவது உதவிச்சா? 1988 அலகாபாத் இடைத்தேர்தல்ல காங்கிரசுக்காக ஓட்டு கேட்டார். ஜெயிச்சது எதிர்ல நின்ன வி.பி.சிங். ராமரே வந்து கேட்டும் ஜனங்க அசரலை பாருங்க! 1991-ல சீதையா நடிச்ச தீபிகாவும், ராவணனா நடிச்ச அரவிந்த் திரிவேதியும் பிஜேபி எம்.பி. ஆனாங்க. ராவணன் பார்லிமெண்ட் போய் 33 வருஷம் கழிச்சு, 2024-லதான் ராமர் போனார். சொந்த ஊர் மீரட்ல, வெறும் 10,585 ஓட்டு வித்தியாசத்துல.

2020 லாக்டவுன்ல தூர்தர்ஷன் மறுபடி போட்டப்போதான் நான் ஒழுங்கா உட்கார்ந்து பார்த்தேன். கிராஃபிக்ஸ் காமெடிதான், அம்பும் அம்பும் நடுவானத்துல முட்டிக்கும். ஆனா கைகேயி காட்டுக்குப் போகச் சொல்ற இடத்துல அந்த மனுஷர் முகத்தைப் பாருங்க. அழுகை இல்லை, வசனத்துல கத்தல் இல்லை. அந்த அமைதி சும்மா வந்துடாது, அது நடிப்பு.

அதை நாம நடிப்பாவே பார்க்கலைங்கிறதுதான் சோகம். சாமியா கும்பிட்டோம். கும்பிட்ட கையால அவருக்கு வர வேண்டிய மத்த வேஷத்தையெல்லாம் தள்ளி விட்டுட்டோம். அவர் வேற என்னெல்லாம் பண்ணியிருப்பார்னு பார்க்கிற வாய்ப்பு நமக்கே போச்சு.

உங்க வீட்ல அந்தக் காலத்துல ராமாயண் பார்த்தவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. ராமரா நடிச்சவர் பேர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குன்னு!