பாட்னா விமான நிலையமும் அதன் அண்டைவீடுகளும்

2000ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று காலை, கொல்கத்தாவிலிருந்து பாட்னா, லக்னோ வழியாக டெல்லி செல்லவிருந்த அலையன்ஸ் ஏர் போயிங் 737 விமானம், பாட்னாவில் தரையிறங்க முயன்றபோது கர்தானிபாக் அரசு ஊழியர் குடியிருப்பின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 58 பேரில் 55 பேர் இறந்தனர். தரையில் 5 பேர் இறந்தனர். ஏர் மார்ஷல் பிலிப் ராஜ்குமார் தலைமையிலான விசாரணை, விமானிகளின் தவற்றையே காரணமாகக் கண்டது. மிகையான உயரத்தில் வந்துவிட்ட விமானத்தை வட்டமடித்து இறக்க முயன்றபோது, அது வேகம் குன்றித் தாங்குவிசையை இழந்தது. எனினும், அந்நிலையத்தின் இட நெருக்கடிகள் அவ்வகை விமானங்களின் பாதுகாப்பு வரம்பைக் குறைக்கின்றன என்பதையும் அதே விசாரணை பதிவுசெய்தது.

இத்தகைய விபத்துகளுக்குப் பின் வழக்கமாகச் சொல்லப்படுவது ஒன்றுண்டு: மக்கள் விமான நிலையத்தை நெருங்கி வந்து குடியேறிவிட்டனர் என்பது. பாட்னாவின் வரலாறு அதற்கு இடம்தரவில்லை. 1912இல் பீகார்–ஒரிசா மாகாணம் உருவானபோது, ஜோசஃப் மன்னிங்ஸ் வடிவமைத்த புதிய தலைநகர்ப் பகுதி எழுந்தது. மணிக்கூண்டுடன் கூடிய தலைமைச் செயலகம் 1917இல் நிறைவுற்றது. கர்தானிபாக் அந்தத் தலைநகரின் அரசு ஊழியர்களுக்கென அமைந்த குடியிருப்பு. ஓடுபாதையின் மறுபக்கத்து உயிரியல் பூங்காவும் அரசு உருவாக்கியதே. 1969இல் ஆளுநர் மாளிகை வளாகத்திலிருந்து பிரித்தளிக்கப்பட்ட நிலத்தில் தாவரவியல் தோட்டமாகத் தொடங்கி, 1973இல் அது உயிரியல் பூங்காவாயிற்று. அங்கு வளர்ந்த மரங்களே பின்னாளில் தரையிறங்கும் பாதையின் தடைகளாகக் கணக்கிடப்பட்டன. ஆக, இங்கே எளிய ஆக்கிரமிப்பாளர் எவருமில்லை. ஒரே அரசின் வெவ்வேறு துறைகள், ஒன்றையொன்று பாராமல், அருகருகே நிலத்தைப் பயன்படுத்தின.

சட்டம் இதைத் தடுத்திருக்க முடியாதா? 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தில் 1972இல் 9-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் கட்டடம் எழுப்புவதையும் மரம் நடுவதையும் தடைசெய்யவோ முறைப்படுத்தவோ அது ஒன்றிய அரசுக்கு அதிகாரமளித்தது. அதிகாரம் பரந்தது, பயன்பாடு குறுகியது. 1988, 2010 ஆண்டுகளின் அறிவிக்கைகளும் 2015இன் விதிகளும் உயரத்தையே முதன்மை அளவுகோலாகக் கொண்டன. இன்று உள்ளாட்சி அமைப்புகளிடம் இருக்கும் வண்ண மண்டல வரைபடங்களும் ஓரிடத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதையே காட்டுகின்றன. அவ்விடத்தில் பள்ளி இருக்கலாமா, மருத்துவமனை இருக்கலாமா, எத்தனை பேர் வசிக்கலாம் என்று அவை சொல்வதில்லை. நிலப் பயன்பாட்டை நேரடியாகத் தொடும் விதியாக, 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதியைச் சொல்லலாம். 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் அது தடுத்தது. அதன் நோக்கமும் பறவைகளிடமிருந்து விமானத்தைக் காப்பதுதான்.

இங்குதான் சிக்கலின் வேர் இருக்கிறது. நம் விதிமரபு விமானத்தைக் கட்டடத்திடமிருந்து காத்தது. கட்டடத்தில் இருப்பவரை விமானத்திடமிருந்து காப்பது பற்றி அது சிந்திக்கவில்லை. கர்தானிபாக்கின் தாழ்ந்த வீடுகள் உயர விதிக்கு எவ்வகையிலும் முரணானவை அல்ல.

இவ்வேறுபாடு வேறு நாடுகளில் முன்பே உணரப்பட்டது. 1951 டிசம்பர் முதல் 1952 பிப்ரவரி வரை, அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தை ஒட்டிய எலிசபெத் நகரில் மூன்று விமானங்கள் விழுந்தன. அதையடுத்து அமைந்த டூலிட்டில் குழு, ஓடுபாதை முனைகளுக்கு அப்பால் நிலத்தைத் திறந்தவெளியாக வைக்க வேண்டுமென 1952இல் பரிந்துரைத்தது. பிரிட்டன் 1958 முதல் பொதுப் பாதுகாப்பு மண்டலங்களை வகுத்தது. பின்னர் அவற்றின் எல்லை, அங்கு வசிப்பவர் ஓராண்டில் விமான விபத்தால் இறப்பதற்கான வாய்ப்பு 1,00,000இல் ஒன்று என்னும் கணக்கில் அமைந்தது. இம்மண்டலங்கள் ஓடுபாதையின் நேர்கோட்டில் நீள்பவை. வட்டமடிக்கையில் விழுந்த பாட்னா விமானத்திடமிருந்து அந்த ஐவரை அவை காத்திருக்கும் என்று உறுதிகூற முடியாது. ஆனால், தரையில் எவ்வளவு பேரை இடருக்கு உட்படுத்தலாம் என்ற கேள்வியை அவை எழுப்பின. இந்தியாவில் அக்கேள்வி சட்டமாகவில்லை.

அதற்கு அரசியலமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. விமானப் போக்குவரத்து ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1992இன் 74ஆம் திருத்தம் நகரத் திட்டமிடலை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக்கியது. உயரத்தை ஒன்றிய அமைப்பு தனித்தே வரையறுத்துவிட முடியும். நிலப் பயன்பாட்டை வரையறுக்க மூவரும் சேர்ந்து அமர வேண்டும்.

2025 மே 29 அன்று பாட்னாவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. பிஹ்டாவில் மாற்று நிலையத்துக்கான அடிக்கல்லும் அன்றே நாட்டப்பட்டது. இரு வாரங்களில், ஜூன் 12 அன்று, அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதி வளாகத்தில் விழுந்தது. இறந்த 260 பேரில் 19 பேர் தரையில் இருந்தவர்கள். அதே மாதம் வெளியான வரைவு விதிகளின் பொருள், உயர வரம்பை மீறும் தடைகளை அகற்றுவது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் கையிலிருந்தது அதே அளவுகோல்.

2016இல் தொடங்கிய உடான் திட்டத்தால் பல சிறு நகரங்களின் பழைய ஓடுபாதைகள் மீண்டும் உயிர்பெற்று வருகின்றன. அவற்றுள் சிலவற்றைச் சுற்றி இன்னும் வயல்களே இருக்கின்றன. பாட்னாவில் கடந்துபோன வாய்ப்பு அங்கே இன்னும் எஞ்சியிருக்கிறது. நகரத் திட்டமிடல் பயிலும் மாணவர்கள் தத்தம் ஊரின் முழுமைத் திட்ட வரைபடத்தை எடுத்து, ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் ஒரு கோடு நீட்டிப் பார்க்கட்டும். அக்கோட்டின்மேல் எவ்வளவு உயரம் எனக் கேட்பதோடு நில்லாமல், அங்கே யார் வாழப்போகிறார்கள் என்றும் கேட்கட்டும்.